பரண் மேல் ஒரு புட்டி

சென்ற மார்கழியில் என் தம்பியின் குழந்தைக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. எட்டு மாதக் குழந்தை. வைகுண்ட ஏகாதசிக்காகச் சென்னையிலிருந்து எல்லோருமாக ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தோம். ஸ்ரீரங்கத்து மார்கழிப் பனியைப் பற்றி அந்த ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் ஊர் நனைந்த துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். குழந்தை மூக்கடைத்துப் போய்ப் பால் குடிக்க முடியாமல் அழுது, வீடு முழுவதையும் விழிக்க வைத்துக்கொண்டிருந்தது.

விசாரிப்பதற்கு அடுத்த வீட்டு மாமி வந்தாள். நல்ல மனசு. ஊரில் யாருக்குத் தலைவலி என்றாலும் மிளகு ரசத்தோடு வந்து நிற்கிறவள். குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒரே ஒரு சொட்டு பிராந்தி. தேனிலே குழைச்சு நாக்கிலே தடவுங்கோ. கபமெல்லாம் இளகிடும். காலம்பர குழந்தை விளையாடும், பாருங்கோ."

எங்கள் பத்திரிகாலயத்துக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் ஊஞ்சலிலிருந்து வந்தது.

"அந்தப் பேச்சை இந்த ஆத்துலே யாரும் எடுக்கப்படாது!"

என் பாட்டி. வயது 86. அவள் குரல் சாதாரணமாக ஊஞ்சல் சங்கிலியைத் தாண்டி வராது. அன்று வாசல் வரைக்கும் கேட்டது. மாமி பாவம், வெலவெலத்துப் போய், "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், மாமி" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனாள். பாட்டி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ராத்திரி பலகாரமும் பண்ணவில்லை.

எல்லோரும் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பரண்மேலே பித்தளைக் கொப்பரைக்குப் பின்னாலே ஒரு தகரப் பெட்டி இருக்கு. சத்தம் போடாம எடு."

ஏணி வைத்து ஏறினேன். பெட்டிக்குள் பழைய ஒன்பது கெஜத்தின் கிழிசல் ஒன்று. அதற்குள் சுற்றி வைத்தாற்போல் ஒரு கண்ணாடிப் புட்டி. லேபிளைக் கரப்பான் எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. வாயில் தக்கை இல்லை. ஒரு துணிச் சுருளை அடைத்து, அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றியிருந்தது. அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு ஏதோ திரவம். மூன்றாம் டிகாக்ஷன் நிறம்.

பாட்டி அதைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"ஏண்டி, நீ பத்திரிகையிலே என்னென்னவோ எழுதறயே. எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லு. பிராந்தி கெட்டுப்போகுமா?"

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில், திருமண் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 86 வயதுப் பாட்டி கேட்கிற கேள்வியா இது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளையாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அவளும் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

1962-ல் என் கொள்ளுத் தாத்தாவுக்கு மாரடைப்பு. டாக்டர் பிராந்தி கொடுக்கச் சொன்னார். அப்போது அது லேசில் கிடைக்கிற வஸ்து அல்ல. 1937-ல் ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது சேலம் ஜில்லாவில் ஆரம்பித்த மதுவிலக்கு, 1948-க்குள் சென்னை ராஜதானி முழுவதும் பரவிவிட்டது. (அந்த 1937 மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லாமல் மதுவிலக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள்.) 1971-ல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. ஆகவே டாக்டர் சான்றிதழ், சர்க்கார் அனுமதி எல்லாம் வாங்கிக்கொண்டு தாத்தா திருச்சிக்குப் போனார். அனுமதிச் சீட்டு சட்டைப் பையில் பத்திரமாக இருந்தும், புட்டியை வெற்றிலைக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, ஜட்கா வண்டியின் திரையை இறக்கிவிட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வந்தாராம். சட்டத்துக்குப் பயமில்லை, வீதிக்குப் பயம்.

கொள்ளுத் தாத்தா அடுத்த வருஷமே பரமபதித்தார். பாதிப் புட்டி மிச்சம். அதை எங்கே வைப்பது? சமையலறைக்குள் வரக்கூடாது. பெருமாள் இருக்கிற கூடத்தில் கூடவே கூடாது. வீட்டு மாட்டுப்பெண்ணான பாட்டி, கொல்லைப்புற அறையின் ஜன்னல் மாடத்தில் கொண்டு வைத்தாள். மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியான்னம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேரே விழும். கொஞ்ச நாளில் தக்கை உதிர்ந்து போயிற்று. துணியைச் சுருட்டி அடைத்தாள்.

1964 டிசம்பர். தநுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே வாரம். என் அப்பாவுக்கு அப்போது நாலு வயது. அவருக்குப் பின் பிறந்த பெண் குழந்தைக்குப் பத்து மாதம். மூன்று நாளாக ஜுரமும் கபமும். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். ராத்திரி இழுப்பு அதிகமாயிற்று. 'அந்தப் பிராந்தியிலே அரைச் சங்கு தேன்விட்டுக் குடு' என்றாள் மாமியார். பாட்டி கொடுத்தாள். குழந்தை தூங்கிற்று.

"விச்வரூபத்துக்கு மணி அடிச்சுது. சரி, ஜுரம் விட்டிருக்கான்னு தொட்டுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்தது."

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் பாட்டியை ஒரு சொல் சொல்லவில்லை. ரங்கநாதன் கொடுத்தான், எடுத்துக்கொண்டான் என்றார்கள். ஆனால் பாட்டி புட்டியைக் கொட்டவும் இல்லை. யாரையும் தொட விடவும் இல்லை. மெழுகை ஊற்றிப் பரணில் போட்டாள். 1977 நவம்பரில் வெள்ளம் வந்தபோதும் அது பரணிலேயே இருந்தது.

"வெயில்லே வெச்சேனேடி. மூடி போயிருந்துது. அதனாலே அது கெட்டு விஷமா ஆயிருந்துதோ? அந்தக் கள்ளக்குறிச்சி விஷயத்தை டி.வி.யிலே காட்டினப்போ, ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லை."

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப் போனார்களே, அதைச் சொன்னாள். நாங்களெல்லாம் அந்தச் செய்தியை, ஐயோ பாவம் என்று பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குழந்தையைத் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் கொண்டு காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து, தாய்ப்பால், வேறொன்றும் வேண்டாம். குழந்தை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், மார்புக் கூடு உள்வாங்கினாலும், பால் குடிக்காவிட்டாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். தாய்மார்கள் இதை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தம்பியும் அவன் மனைவியும் குழந்தையோடு வெளியே போனதும் நான் மட்டும் தங்கிப் பிராந்தி விஷயத்தைக் கேட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"வாரத்துக்கு ஒரு தாயாராவது இதைக் கேட்கிறார்கள், அம்மா. பிராந்தி உடம்பைச் சூடாக்கும் என்கிறார்கள். அது சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வருகிறது. தொட்டால் கதகதப்பாக இருக்கும். ஆனால் வந்த சூடு வெளியே போய்விடும். குளிர்காலத்தில் போர்வையை உருவுகிற மாதிரிதான் இது."

அவர் சொன்ன மற்றதும் நல்லதாக இல்லை. சாராயத்தைக் கரைத்து வெளியேற்றக் குழந்தையின் ஈரலுக்குச் சக்தி போதாது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். தூக்கம் ஆழமாகி மூச்சு மெதுவாகும். ஏற்கெனவே மூச்சுக்குத் திண்டாடும் குழந்தை, தூங்கிவிட்டதே என்று தாயார் சந்தோஷப்படுவாள். மார்பில் தேய்த்தாலும் தோல் வழியாக உள்ளே போகும். தேனும் ஒரு வயதுக்குள் கூடாதாம்; அதில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும்.

நம் பாட்டிமார்களைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே பிராந்தி இடம்பெற்றிருந்தது. அமெரிக்க மருந்து நூலிலிருந்து அதை எடுத்தது 1916-ல்தான். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரில்கூட ஒரு காலத்தில் சாராயம் கலந்திருந்தது. டாக்டர்களே எழுதிக் கொடுத்ததைத்தான் வீட்டுக் கிழவிகள் மனப்பாடம் பண்ணி வைத்தார்கள். டாக்டர்கள் மறந்துவிட்டார்கள். கிழவிகள் மறக்கவில்லை.

"1964-ல் போன குழந்தை?" என்று கேட்டேன்.

"60 வருஷத்துக்கு முந்திய குழந்தையை நான் எப்படியம்மா பரிசோதிப்பேன்? கபஜுரம் அந்தக் காலத்தில் தானாகவே எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பிராந்திதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். இல்லை என்று சத்தியமும் பண்ண மாட்டேன்."

பாட்டி என்னைக் கேட்டது இதுவல்ல. கெட்டுப்போகுமா என்றுதான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர் இருந்தார். நான் கல்லூரியில் படித்தபோது ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வுபெற்று உறையூரில் இருக்கிறார். புட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தாத்தாவைப் போலவே நானும் பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"கெட்டுப் போவதென்றால் என்ன? அதை முதலில் சொல்லு" என்றார் புரொபஸர், பழைய வகுப்பறைக் குரலில். "மோர் புளிக்கிறது, சாதம் ஊசுகிறது, கள் காடியாகிறது. எல்லாம் கிருமிகள் செய்கிற வேலை. 1860-களில் பாஸ்டர் இதைத்தான் கண்டுபிடித்துச் சொன்னார். திராட்சை ரசத்தில் பத்துப் பன்னிரண்டு பங்கு சாராயம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்தால் காடியாகிவிடும். ஆனால் அதையே காய்ச்சி வடித்தால் பிராந்தி. நம் ஊர்ப் புட்டிகளில் 100-க்கு 42.8 பங்கு சாராயம் என்று போட்டிருக்கும். அதில் ஒரு கிருமி விழுந்தால் கிருமிதான் சாகும், பிராந்தி சாகாது."

இதனால்தான் 100-க்கு 10 பங்கும் அதற்கு மேலும் சாராயமுள்ள பானங்களுக்கு, இன்ன தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்று அச்சிட வேண்டியதில்லை என்று சர்வதேச உணவு விதியே விலக்கு அளித்திருக்கிறது.

"விஷமாக மாறாதா, ஸார்? கள்ளக்குறிச்சியில்..."

"அது மெதனால். யாரோ ஒரு பாவி கலந்தது. நல்ல பிராந்தி ஆயிரம் வருஷம் ஜன்னலில் இருந்தாலும் தானாக மெதனால் ஆகாது. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்து, இது எண்ணெயாகிவிடுமோ என்று கேட்கிற மாதிரி இருக்கிறது நீ கேட்பது."

"அப்படியானால் வெயிலில் வைத்தால் ஒன்றுமே ஆகாதா?"

"ஆகும். பச்சைக் கற்பூரத்தை மூடியில்லாத டப்பாவில் வைத்தால் என்ன ஆகிறது? கெட்டா போகிறது? காணாமல் போகிறது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். சாராயம் 78-லேயே கொதித்துவிடும். ஆகவே மூடி சரியில்லாவிட்டால் அதுதான் முந்திக்கொண்டு பறக்கும். வெயில் பட்டால் நிறமும் வாசனையும் வெளுக்கும். புட்டிக்குள்ளே காலியிடம் அதிகமாக ஆக, அங்கே நிற்கிற காற்று மிச்ச ருசியையும் தின்னும். அவ்வளவுதான். விஷமாகாது, சப்பென்று ஆகும்."

பிறகு ஒரு விஷயம் சொன்னார், அது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 100-க்கு 40 பங்கு சாராயமுள்ள திரவத்தின் ஆவி ஏறக்குறைய 26 டிகிரி உஷ்ணத்திலேயே தீப்பற்றும். திருச்சியில் 26 டிகிரி என்பது குளிர்! பிராந்திப் புட்டியைச் சமையல் மேடையில் அடுப்புக்குப் பக்கத்திலோ விளக்கு மாடத்திலோ வைக்கிறவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சமையல் மேடையில் பிராந்தி எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். கேக்குக்காக வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருச்சியில் அதற்குப் பேர்போன இடம் பொன்மலை. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே தொழிற்சாலை அங்கே வந்தபோது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவும் கூடவே வந்தன. அவர்களில் ஓர் ஆன்ட்டி எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் சிநேகிதி, ஆசிரியையாக இருந்தவர். செப்டம்பரிலேயே உலர்ந்த திராட்சையையும் ஆரஞ்சுத் தோலையும் நறுக்கிப் பிராந்தியில் ஊறப் போட்டுவிடுவார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் ஊறாத திராட்சை போட்டு, முட்டையில்லாமல் தனி கேக் வரும். அதையும் பாட்டி தொட மாட்டாள். வாங்கி வைத்துக்கொண்டு பதிலுக்கு அதிரசம் அனுப்புவாள்.

"பிராந்தியை எப்படி வைக்கணும்னு என்னைக் கேளும்மா, அந்த வாத்தியாரை ஏன் கேட்கறே?" என்றார் ஆன்ட்டி. அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். ஊறுகாய் ஜாடிகளுக்கு மேல்தட்டு, இருட்டு மூலை. புட்டி நின்றுகொண்டிருந்தது, படுத்திருக்கவில்லை. ஒயின் புட்டியைப் படுக்க வைக்க வேண்டுமாம், தக்கை காயாமல் இருக்க. பிராந்தியைப் படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரித்துத் தின்றுவிடும். தக்கைத் தூளும் தக்கை நாற்றமும் உள்ளே இறங்கும். ஒரே அலமாரியில் ஒன்று படுக்க, இன்னொன்று நிற்க என்று சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள்.

"முக்கால் புட்டி இருக்கற வரைக்கும் கவலையே இல்லே. ரெண்டு வருஷம் ஆனாலும் வாசனை நிக்கும். பாதிக்குக் கீழே போச்சுன்னா சின்னக் கண்ணாடி புட்டிக்கு மாத்திடணும், கழுத்து வரைக்கும் வர்ற மாதிரி. பிளாஸ்டிக்கிலே ஊத்தக்கூடாது. ஃபிரிட்ஜ் மேலே வைக்கக்கூடாது, அங்கே எப்பவும் சூடு. குழந்தைங்க இருக்கற வீட்டிலே பூட்டு போடணும்."

நம் வீட்டு நெய்க்கும் பெருங்காயத்துக்கும் நாம் செய்கிற உபசாரந்தான். என்ன, அதற்குப் பூட்டு இல்லை.

பழைய பிராந்தி உசத்தி என்கிறார்களே என்று கேட்டேன். அவர் சிரித்தார். அதுவும் ஒரு பிரமைதானாம். பிரான்சில் கோன்யாக் என்ற ஊர்ப்பக்கத்துப் பிராந்தியை ஓக் மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்காக வைக்கிறார்கள். நிறமும் மணமும் மரத்திலிருந்து வருகின்றன. வருஷத்துக்கு 100-க்கு சுமார் 2 பங்கு மரத்தின் வழியாகவே ஆவியாகிவிடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். (பெங்களூரில் விஸ்கிப் பீப்பாய்களிலிருந்து தேவதைகள் 10 பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்.) ஆனால் கண்ணாடிப் புட்டியில் அடைத்த அன்றோடு அதன் வயது நின்றுவிடுகிறது. பத்து வருஷம் பீப்பாயில் இருந்தது, அப்புறம் நூறு வருஷம் புட்டியில் இருந்தாலும் பத்து வயதுப் பிராந்திதான். நம் நாட்டிலோ பல பிராந்திகள் திராட்சையைப் பார்த்தும் கேட்டும் இருக்குமே தவிர, பெரும்பாலும் கரும்பு வெல்லப்பாகுக் கழிவிலிருந்து இறக்கிய சாராயந்தான். அவற்றுக்குப் பீப்பாய் வயதும் கிடையாது.

எனக்கு உடனே திராட்சாரிஷ்டம் ஞாபகம் வந்தது. அதுவும் திராட்சையைப் புளிக்க வைத்ததுதான். ஆசவங்கள் பழசாக ஆகக் குணம் கூடும் என்று சார்ங்கதர சம்ஹிதை சொல்கிறது. ஒருவேளை எங்கள் வீதிக்காரர்கள் அரிஷ்டத்துக்குச் சொன்னதைப் பிராந்திக்கும் நீட்டிக்கொண்டு, பழைய புட்டி இருந்தால் நல்ல மருந்து என்று நினைத்தார்களோ என்னவோ.

கடைசியில் பாட்டியின் புட்டியை எடுத்து நீட்டினேன். ஆன்ட்டி மெழுகைக் கத்தியால் சுரண்டித் துணியை உருவி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உயிர் போயிடுச்சும்மா. பாதி தண்ணிதான். ஆனா கெட்டது இல்லே. கெட்ட வாசனை எனக்குத் தெரியும்."

வேறு ஒரு துணியைச் சுருட்டி அவரே அடைத்துக் கொடுத்தார். இது யார் வீட்டுப் புட்டி, ஏன் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிற வழியெல்லாம், காவேரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும், எனக்கு ஒரே யோசனை. எதைச் சொல்வது? கெட்டுப்போகவில்லை என்பது சத்தியம். டாக்டர் சொன்னதும் சத்தியம். ஒன்றைச் சொன்னால் பாட்டிக்கு ஆறுதல். இன்னொன்றைச் சொன்னால், ஆறுதல் கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொண்ட மாதிரி. 86 வயதில் அவளுக்கு முழு உண்மை எதற்கு? பத்திரிகைக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டு நான் பாதி உண்மையோடு நிறுத்திவிடுவதென்று தீர்மானம் பண்ணினேன்.

பாட்டி ஊஞ்சலில்தான் இருந்தாள்.

"கேட்டயா?"

"கேட்டேன், பாட்டி. மூணு பேரைக் கேட்டேன். கெட்டுப்போகலை. வெயில்லே வெச்சதனாலே வாசனை போகும், வீரியம் குறையும். விஷமா ஆகவே ஆகாது. மூடி இல்லாததனாலேயும் ஒண்ணும் ஆகலை. நீ வெச்ச இடத்திலே தப்பில்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஊஞ்சல் நின்றது. வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அப்போ நல்ல பிராந்தியே அப்படித்தான் பண்ணும். இல்லையா?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

"உன்கிட்டே அந்த டாக்டர் சொல்லியிருப்பாரே. ஏன் முழிக்கறே? நீ கைக்குழந்தையா இருந்தப்போ உனக்கும் இப்படித்தான் கபம் கட்டிண்டுது. எல்லாரும் பிராந்தி பிராந்தின்னா. நான் ஒருத்தருக்கும் சொல்லாம ஒரு லேடி டாக்டரைப் போய்க் கேட்டுண்டு வந்தேன். குழந்தைக்கு ஒரு சொட்டும் ஆகாதுன்னுட்டா. அப்பவே தெரியும்."

"35 வருஷமா தெரியுமா? பின்னே என்னை எதுக்குக் கேட்டே?"

"அது வேறேடி. மாமியார் குடுன்னா, குடுத்தேன். அப்போ ஊரிலே எல்லாரும் குடுத்தா. அது யாருக்கும் தெரியாத்தனம். ஜன்னல்லே கொண்டு வெச்சது நான். துணியை அடைச்சது நான். என் கைப்பிசகாலே போச்சோன்னுதான்..."

முடிக்கவில்லை. கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை. உள்ளே தம்பியின் குழந்தை தும்முகிற சத்தம் கேட்டது. "மூச்சை எண்ணினேளா?" என்று என் அம்மாவைக் கேட்டாள். 38 என்று பதில் வந்தது. அதற்குத் தலையை ஆட்டினாள்.

இதை எழுதலாமா என்று அப்புறம் கேட்டேன். "எழுதேன். நாலு பேர் அந்தச் சொட்டைக் குடுக்காம இருப்பா" என்று அநுமதி கொடுத்தாள். ஊர்ப்பெயர் போடலாம், வீட்டு எண் கூடாது என்பது நிபந்தனை.

மறுநாள், நாங்கள் புறப்படுவதற்கு முன், கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி வைத்துக் கொட்டச் சொன்னாள். காவேரியில் கொண்டு கொட்டட்டுமா என்றதற்கு, காவேரிக்கு இது எதற்கு என்றாள். துணியை உருவிச் சாய்த்தேன். இரண்டு விரற்கடைத் திரவம் கல்லில் ஓடி மண்ணில் இறங்க எத்தனை நேரமாகும்? லேசாக ஒரு வாசனை வந்தது. பாயசத்துக்கு நெய்யில் வறுக்கிற திராட்சை மாதிரி.

பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பொத்திக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு செம்பு ஜலம் எடுத்து, தானே அந்தக் கல்லை அலம்பிவிட்டாள். பிறகு புட்டியையும் கேட்டு வாங்கினாள்.